சுத்தத் தெருவின் தூசி

பிப்ரவரி 9, திங்கள்

எங்கள் தெருவுக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. எங்கள் காற்று சுத்தமானது என்று எழுதிவிட்டார்கள்.

எழுதியவர் டாக்டர் மிருணாளினி. மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருகிறவர். எங்கள் ஊரில் இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டு, தாய் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைகளைப் பதிந்து, வளர வளர அளந்து வருகிறார்கள். உயரம், எடை, எத்தனை வார்த்தை பேசுகிறது, கட்டையை அடுக்கத் தெரிகிறதா, குழாயில் ஊதினால் எவ்வளவு காற்று வருகிறது, எல்லாம். குடிக்கிற தண்ணீரும் இழுக்கிற மூச்சும் ஒரு பிள்ளையை எப்படி ஆக்குகின்றன என்று பார்க்கிறார்களாம். பெரிய ஆளாகும் வரை பார்ப்பார்களாம். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. என் பேத்தியும் அதில் ஒருத்தி. வயது ஏழு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ரிதன்யா. எனக்கு வாயில் வராது. பாப்பா என்பேன்.

இன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். மேட்டுத் தெரு தூசித் தெருவாம். எங்கள் கிணற்றடித் தெரு சுத்தத் தெருவாம். கிரஷர் இரண்டு தெருவுக்கும் பின்னால் நின்றுதான் ஜல்லி உடைக்கிறது. தூசி மேட்டுத் தெருவோடு நின்று, எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறது போலிருக்கிறது.

இதற்கு எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்! நான் எழுந்து நின்றேன்.

“டாக்டரம்மா, இது பொய்” என்றேன்.

“ஐயா, காத்து சுத்தமா இருக்குன்னா சந்தோஷப்படணும்.”

“எங்க வீட்டு முருங்கைக் கீரையை ஆயுறதுக்கு முன்னால ரெண்டு தடவை அலசணும். சுத்தமாம்ல சுத்தம்.”

அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். வீடுவீடாக மாட்டியிருக்கும் பெட்டிகள் மூன்று வருடமாகக் காற்றை அளக்கின்றனவாம். எண்கள் குறைவாம். எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு இளைப்பு இருப்பது உண்மைதானாம். ஆனால் கிரஷர் தூசி பெட்டியில் தெரியாததால் காரணம் வீட்டுக்குள், பெட்டிக்கு எட்டாத மூலையில் இருக்க வேண்டுமாம். அடுப்புப் புகை, கொசுவத்தி, பீடி என்று மூன்றைச் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது கூட்டம் ஏன் என் பக்கம் திரும்பியது என்று எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 10

மருமகள் உலகம்மாள் காலையில் தோசை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். மகன் திருப்பூரில் வேலை. வீட்டில் நானும் அவளும் பாப்பாவும்தான். ஆகவே அவள் நகராமல் நின்றால் அது எனக்குத்தான்.

“மாமா, காரணம் வீட்டுக்குள்ள இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ.”

“ஆமா, சொன்னா.”

“நாம சமைக்கது கேஸுல. கொசுவத்தி வைக்கதே இல்ல. வேற என்ன இருக்கு வீட்டுக்குள்ள?”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

“யோசிங்க. பரிட்சை முடிஞ்சதும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் சங்கரன்கோவிலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருதேன். அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருதேன்.”

தோசையில் உப்பு குறைவு.

மாலையில் மாடசாமி கடையில் ஒரு கொசுவத்திப் பாக்கெட் வாங்கி, சமையலறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். கொளுத்தவில்லை. வைத்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

பாக்கெட்டைக் காணவில்லை. குப்பைத் தொட்டியில் கிடந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 13

கிரஷர் முதலாளி வாசலில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார். ‘காற்று சுத்தம்! ஆராய்ச்சியே சொல்கிறது!’ அதில் அவர் படம், கை கூப்பியபடி. ஒரு லாரி போனது. புழுதி அடங்கியபோது பேனரில் முதலாளியின் மூக்கு தெரியவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். அங்கே போனேன். பெட்டிகளைப் பார்க்க மாதாமாதம் வருகிற பெண் ஜெபக்கனி இருந்தாள்.

“வாங்க தாத்தா.”

“அண்ணாச்சின்னு சொல்லு.”

“சரி தாத்தா. என்ன விஷயம்?”

உங்கள் பெட்டி பொய் சொல்கிறது என்றேன். பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதில் இருப்பது ஒரு சின்ன விசிறியும் ஒரு விளக்கும்தான் என்றாள். நான் தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததெல்லாம் பஸ்ஸில் பயணிகள் விட்டுப்போன பேப்பரில். யார் பொய் சொல்கிறார், யார் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெட்டிக்கு முகம் இல்லாததுதான் சிக்கல்.

“எங்க தெருவுல ஒருத்தராவது பெட்டியைக் கெடுத்திருக்கோமா? மேட்டுத் தெருக்காரன் ஆணியில மாட்டுனதோட சரி, திரும்பிப் பாக்கல. நாங்க அதைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்.”

“அது தெரியும் தாத்தா. நான் வரும்போதெல்லாம் உங்க தெருப் பெட்டிதான் பளபளன்னு இருக்கும்.”

இதை எழுத்தில் தரச் சொன்னேன். சிரிக்கிறாள்.

பிப்ரவரி 16

சலவை செய்த வெள்ளை வேட்டியால் ஜன்னல், நிலைக்கண்ணாடி, டிவியின் தலை எல்லாவற்றையும் துடைத்தேன். வேட்டி சாம்பல் நிறமானது. அதைச் சுருட்டிக்கொண்டு போய் டாக்டர் மிருணாளினியின் மேஜையில் விரித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவை மூடினார்.

“ஐயா, துணியில இருக்கிறது எப்ப வந்தது, எவ்வளவு வந்ததுன்னு எனக்குத் தெரியாதே. பெட்டியோட எண்ணை வச்சுத்தான் நான் பேச முடியும்.”

நான் வேட்டியை மடிக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. வேறு குரலில் பேசினார்.

“நுரையீரல் இருபது வயசு போல வரைக்கும் வளரும். இந்த வயசுல வளர வேண்டியது வளராமப் போனா, அப்புறம் பிடிக்கிறது கஷ்டம். அதனாலதான் ஒரே பிள்ளையை வருஷா வருஷம் அளக்கிறோம். உங்க பேத்தி எண் போன வருஷத்தைவிடக் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. அந்த வயசுக்கு அது போதாது. காரணம் எதுன்னு சண்டை போடறதை விட்டுட்டு, உங்க வீட்டுக்குள்ள இருக்கிறதை முதல்ல நிறுத்துங்க.”

வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சாட்சிக்கு இருக்கட்டும்.

பிப்ரவரி 17

ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்திருக்கும் குழாயில் பாப்பா இன்று வீட்டில் ஊதிக் காட்டினாள். சிவப்பு முள் பாதியைத் தாண்டவில்லை. “தாத்தா, நீங்க ஊதுங்க” என்றாள். ஊதினேன். என் முள் எங்கே நின்றது என்பது இந்த ஆராய்ச்சிக்குத் தேவையில்லாதது.

பிப்ரவரி 20

உண்மை தானாக எழுந்து நடக்காவிட்டால் நாம்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும்.

உலகம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். பாப்பா பள்ளிக்கூடத்தில். கடைக்கார மாடசாமியை ஒரு பழைய சாக்கோடு வரச் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கை உதறினால் எண் ஏறும், டாக்டருக்குக் கண் திறக்கும் என்பது திட்டம். முதலில் பெட்டியின் சட்டையைக் கழற்றினேன்.

“இது தப்பில்லையா அண்ணாச்சி?” என்றான்.

“தெருவுல உள்ள தூசியைத்தானவே வீட்டுக்குள்ள காட்டுதோம்? இல்லாததையா காட்டுதோம்? உதறு.”

உதறினான். அது மிளகாய் வத்தல் சாக்கு.

நானும் மாடசாமியும் நிலையைப் பிடித்துக்கொண்டு தும்மினோம். பக்கத்து வீட்டில் தும்மினார்கள். அதற்கடுத்த வீட்டு ஆடு தும்மியது. “ஏன்வே, ஊர்ல வேற சாக்கே கிடைக்கலையா?” என்று கேட்டேன். “சாக்குன்னுதான சொன்னிய, எந்தச் சாக்குன்னு சொன்னியளா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்.

பாப்பா வருவதற்குள் எல்லா ஜன்னலையும் திறந்து, தரையை மூன்று முறை ஈரத் துணியால் துடைத்தேன். பெட்டியையும் துடைத்து மறுபடி சட்டையை மாட்டினேன். ஒரு சாமானை எடுத்தால் எடுத்த மாதிரி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 23

ஜெபக்கனி போன் செய்தாள். பெட்டி அளக்கும் எண் அவள் கம்ப்யூட்டரில் தெரியுமாம். “தாத்தா, வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க வீடு தீப்பிடிச்சுதா?”

இல்லை என்றேன்.

“எண் வானத்துக்குப் போயி, பத்து நிமிஷத்துல தொப்புன்னு விழுந்துட்டு. டாக்டர் அதை எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. யாரோ கை வச்சிருக்காங்கன்னு சொல்லுதாங்க.”

“யாரா இருக்கும்?” என்று கேட்டேன்.

“அதான் தாத்தா, யாரா இருக்கும்?” என்றாள்.

பிப்ரவரி 26

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். பிற்காலத்தில் யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

எப்போதும் ஜெபக்கனி வருவதற்கு முதல்நாள் போன் வரும். இன்று போன் இல்லை. டாக்டர் மிருணாளினி நேராக வாசலில் வந்து நின்றார். பின்னால் ஜெபக்கனி. உள்ளே வந்து சுவரைப் பார்த்தார்.

எங்கள் பெட்டி நீலநிறச் சட்டைத் துணியில் கவர் போட்டிருந்தது. கீழே சுருக்கம் வைத்துத் தைத்தது. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டோடு. நெற்றியில் சந்தனம், குங்குமம். போன ஆயுதபூஜைக்கு வைத்தது.

“இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டரம்மா” என்றாள் உலகம்மாள் பெருமையாக. “நீங்க வாறியன்னு போன் வந்தா கழட்டி, தொடச்சு வச்சிருவோம்.”

டாக்டர் வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் பெட்டியைப் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். உள்ளேயிருந்து அது முனகிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் ஒரே மாதிரிப் பூப்போட்ட உறை. கடைசி வீட்டில் பெட்டி ஒரு ஹாட்பாக்ஸுக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கியது.

டாக்டர் தெரு நடுவில் நின்றார். முதலில் அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா? ஏன் மூடுனீங்க?”

பேச்சியம்மாள்தான் சொன்னாள். “விலையுள்ள சாமான், பத்திரமா வச்சுக்கிடுங்கன்னு சொல்லித்தான குடுத்திய? தெறந்து போட்டா தூசி அப்பிக் கெட்டுப் போவும்லா? ஒரே நாள்ல அப்பிரும் இங்க.”

டாக்டர் தலையை நிமிர்த்தினார். “இந்த ஒரு வாக்கியத்தை நான் மூணு வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும்” என்றார். “போன் பண்ணிட்டு வந்ததும் எங்க தப்பு.”

தப்பு அவர்களுடையதுதான் என்று நான் உடனே உறுதிப்படுத்தினேன்.

“இப்படி மூடணும்னு யார் யோசனை?” என்று ஜெபக்கனி கேட்டாள். அது இப்போது முக்கியமில்லை என்று சொன்னேன். ஆனால் தெருப் பெண்கள் ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். ‘தெருக் கூட்டம்’, ‘மாமாதான்’, ‘கவர் போடாத வீட்டுக்கு அபராதம்’ என்பது போல் இருந்தது. கொஞ்ச நாளாக என் இடது காது சரியில்லை.

பிப்ரவரி 28

எல்லா வீட்டிலும் கவரைக் கழற்றியாகிவிட்டது. மறுபடி அளக்கப் போகிறார்கள். டாக்டர் இனிச் சொல்லாமல்தான் வருவாராம்.

பெட்டிகள் பார்க்க அம்மணமாக இருக்கின்றன. பேச்சியம்மாள் ஒரு கைக்குட்டையாவது போடட்டுமா என்று கேட்டாள். கூடாது என்று அதட்டினேன். காலையும் மாலையும் தெருவை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் எட்டிப் பார்க்கிறேன். நேற்று ஒருவர் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். பொது வேலையில் இதெல்லாம் வரும்.

மார்ச் 6

பாப்பாவுக்கு ராத்திரி இளைப்பு. உலகம்மாள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் வெந்நீர் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. வைத்தேன்.

மார்ச் 14, சனி

வெற்றி.

டாக்டர் மிருணாளினி லேப்டாப்போடு வந்து எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து காட்டினார். தெருவே கூடத்தில் நின்றது. திரையில் கோடுகள். காலையில் கிரஷர் ஓடத் தொடங்கியதும் எல்லா வீட்டுக் கோடும் ஒன்றாக மலை ஏறுகிறது. லாரி போகப் போக இன்னும் ஏறுகிறது. சாயங்காலம்தான் இறங்குகிறது. மேட்டுத் தெருவைவிட எங்கள் மலை உயரம்!

“நீங்க சொன்னது சரி ஐயா. உங்க தெரு சுத்தத் தெரு இல்ல. பழைய முடிவைத் திருத்தணும். நாங்க எழுதினது தப்புன்னு நாங்களே எழுதுவோம்.”

கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றேன். அப்போதே அவர் கிளம்பியிருக்கலாம்.

“இது உங்க வீட்டுக் கோடு” என்று இன்னொன்றைத் திறந்தார். பெரிய மலையில் எங்கள் வீடும் மற்ற வீடுகள் மாதிரிதான். ஆனால் அதன் மேல் சின்னச் சின்னக் குன்றுகள். வேறு எந்த வீட்டிலும் இல்லாதவை. காலைக் காப்பிக்குப் பிறகு ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. டிவியில் செய்தி முடிந்ததும் ஒன்று.

“இது என்ன ஐயா?”

பாப்பா கூட்டத்துக்குள் நுழைந்து திரையைத் தொட்டாள்.

“இது தாத்தா மலை” என்றாள்.

“கருவியில ஏதோ கோளாறு” என்றேன்.

“கருவி இப்ப சட்டை போடலையே ஐயா” என்றார் டாக்டர்.

நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துதான் பிடிக்கிறேன் என்பதை எடுத்துச் சொன்னேன். கிரஷர் மலை, என்னுடையது கூழாங்கல் என்றும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“ஆமா, கிரஷர்தான் பெருசு. ஆனா ரெண்டையும் இழுக்கிறது ஒரே மூக்குதானே.”

பாப்பா அந்த மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15

எழுத ஒன்றுமில்லை. வாயில் ஏலக்காய்.

மார்ச் 17

ஏலக்காய் ஒரு பொருளா? பால்காரரிடம் சண்டை போட்டேன். காலண்டர் கோணலாகத் தொங்கியதற்காகச் சுவரைத் திட்டினேன். மாடசாமி கடைப் பக்கம் போகவில்லை. எதிர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனதில் கோவிலுக்குள் போக நேர்ந்தது. பூசாரி ஆச்சரியப்பட்டார்.

சாயங்காலம் உலகம்மாள் கேட்காமலே சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“ரெண்டு நாளா குன்றைக் காணோம்னு ஜெபக்கனி போன்ல சொன்னா.”

“காத்து வேற பக்கம் அடிச்சிருக்கும்” என்றேன்.

மார்ச் 20

வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்ததால் உலகம்மாள் இனிப் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். குற்றம் வீட்டில் இல்லை, தெருவில்தான் என்று நிரூபித்தாயிற்று அல்லவா? இன்று அவள் டிரங்குப் பெட்டியை வெயிலில் திறந்து வைத்திருந்தாள்.

“என்ன இது? தெருவுல தூசின்னுதான் டாக்டரே ஒத்துக்கிட்டாளே!”

“ஆமா மாமா. அதான்.”

பாப்பாவின் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டே பேசினாள்.

“காரணம் வீட்டுக்குள்ளன்னா உங்களைத் திருத்திட்டு இங்கயே இருந்திருப்பேன். தெருவையும் கிரஷரையும் நான் எப்படித் திருத்த? அவன் தண்ணி தெளிச்சு, தகரம் அடச்சு, எண் கீழ இறங்கட்டும். அன்னைக்கே கூட்டிட்டு வாறேன். உங்களைப் பிரிக்கல மாமா. அவ மூச்சைப் பாக்கேன்.”

நான் நிரூபிக்காமல் இருந்திருந்தால்? சாக்கை உதறாமல், டாக்டர் சொல்லாமல் வந்து நிற்காமல், பெட்டி சட்டையோடு இருந்திருந்தால்? பாப்பா இங்கே இருந்திருப்பாளா? இருந்து, முள் பாதியிலேயே நின்றிருக்கும்.

இல்லை. நான் செய்தது சரி. எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

டிரங்குப் பெட்டியின் கொக்கி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் போட்டுச் சரிசெய்து கொடுத்தேன்.

ஏப்ரல் 18, சனி

பரிட்சை முடிந்தது. காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் ஓரத்தில் பாப்பாவை உட்கார வைத்து, ஊரைத் தாண்டும் வரை கண்ணாடியைத் திறக்கக்கூடாது என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவனுக்கு நான் யாரென்று தெரியவில்லை. இந்தக் காலத்துக் கண்டக்டர்.

இனி நடக்க வேண்டியவை.

டாக்டர் மிருணாளினி: ‘சுத்தத் தெரு’ என்று எழுதியதை அடித்துத் திருத்தி, அதே பள்ளிக்கூடத்தில், அதே கூட்டத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இந்தத் தடவை கை தட்டக்கூடாது. என் வேட்டியைத் திருப்பித் தர வேண்டும், துவைக்காமல்.

கிரஷர் முதலாளி: பேனரை அவிழ்க்க வேண்டும். இயந்திரத்தைச் சுற்றித் தகரம் அடைக்க வேண்டும். ஜல்லியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். லாரிக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும். மூட வேண்டியவர் அவர். இத்தனை நாள் நாங்கள் மூடினோம்.

கலெக்டர்: காலையில், கிரஷர் ஓடும் நேரத்தில், சொல்லாமல் வர வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தெருப் பெண்கள்: ரிமோட்டுக்கு என்ன உறை வேண்டுமானாலும் போடலாம். பெட்டியைத் தொடக்கூடாது. பேச்சியம்மாளுக்கு இது தனியாக.

மேட்டுத் தெருக்காரர்கள்: எங்களோடு சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். யார் தெருவில் தூசி அதிகம் என்ற பேச்சை எடுக்கக்கூடாது. எங்கள் தெருவில்தான் அதிகம்.

ஜெபக்கனி: அண்ணாச்சி.

மாடசாமி: எனக்குப் பீடி கொடுக்கக்கூடாது. கேட்டாலும், திட்டினாலும், வேறு யாருக்கோ வாங்குவதாகச் சொன்னாலும்.

உலகம்மாள்: ஞாயிற்றுக்கிழமைதோறும் பாப்பாவை ஊதச் சொல்லி, எண்ணைப் போனில் சொல்ல வேண்டும். எண் மட்டும் போதும். பாப்பா பக்கத்தில் நின்றால் போனைக் கொடுக்கலாம்.

நான்: முதலாளி வாசல், பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ். தகரம் அடைக்கும் வரை. சனிக்கிழமைகளில் சங்கரன்கோவில், டிக்கெட் எடுத்து.

பாப்பா: அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மூச்சு விட வேண்டும்.